சூடும் பிளாஸ்டிக்கும் சேராமல் பார்ப்பது எப்படி? திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மத்தியானம் பன்னிரண்டரை மணி. பிரதான வீதிச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சோத்துப் பார்சலுக்கு நிற்கிறீர்கள். ஆவி பறக்கிற சோறு லஞ்ச் சீட்டில் விழுகிறது, அதன் மேல் மீன் குழம்பு. பருப்பையும் சொதியையும் கொதிக்கக் கொதிக்கச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் ஊற்றி, இறப்பர் பாண்டால் முறுக்கிக் கட்டுகிறார்கள். எல்லாம் ஒரு சொப்பிங் பேக்குக்குள் போய், மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டு உவர்மலைக்கோ சீனக்குடாவுக்கோ வந்து சேர இருபது நிமிடம். பிரிக்கும்போது சொதிப் பை துவண்டு போய்க் கையில் ஒட்டும். அந்த இருபது நிமிடத்தில் சொதிக்குள் என்ன போகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாற்றலாகி வந்து உப்புவெளிப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், கோணேசபுரி வளாகத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள், கலியாணம் முடித்துப் புதுச் சமையலறை போடுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பிளாஸ்டிக் உடம்புக்குக் கூடாது என்று கேள்விப்படாதவர்கள் இல்லை. எங்கே தொடங்குவது என்பதுதான் குழப்பம். ஒரு நாள் ஆவேசத்தில் வீட்டிலுள்ள டப்பா எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, அடுத்த மாதம் அதே மாதிரி டப்பாவையே வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவ்வளவு அவசரம் வேண்டாம். சூடு, எண்ணெய், புளி, நாட்பட வைத்திருப்பது ஆகிய நாலும்தான் பிளாஸ்டிக்கிலிருந்து இரசாயனத்தை வெளியே இழுக்கின்றன. அவற்றில் சூட்டை முதலில் விலக்குங்கள். செலவு ஆகக் குறைந்ததும் பலன் ஆகக் கூடியதும் அதுதான்.

தொடங்க முன்: உள்ளே நடப்பது என்ன

உங்கள் வீட்டில் கறி வைத்து வைத்து மஞ்சளாகிப்போன ஒரு வெள்ளை டப்பா கட்டாயம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் தேய்த்தாலும் அந்த மஞ்சள் போகாது. ஏனென்றால் அது மேலே படிந்த கறை அல்ல. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரைந்து, சூட்டோடு பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. கறி உள்ளே போன அதே வழியால் டப்பாவிலிருந்து கறிக்குள்ளும் பொருட்கள் வரும். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த நான் வேறு எதையும் தேடியதில்லை, அந்த டப்பாவைத்தான் கையில் கொடுப்பேன்.

பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அதோடு வளைந்து கொடுக்க ஒன்று, நிறத்துக்கு ஒன்று, வெயிலில் பொடியாகாமல் இருக்க ஒன்று என்று பல பொருட்களைக் கலப்பார்கள். சங்கிலியாகச் சேராமல் மிஞ்சிய மூலப்பொருளும் கொஞ்சம் இருக்கும். இவற்றில் பல, சங்கிலியோடு பிணைக்கப்படாமல் இடுக்குகளில் தங்கியிருப்பவை. சூடு ஏறினால் அசையத் தொடங்கும், எண்ணெயைக் கண்டால் எண்ணெய்க்குள் போகும்.

ஆக அதிகம் பேசப்படுவது பிஸ்பீனோல் ஏ, சுருக்கமாக பிபிஏ. 1891இல் முதன்முதலாக ஆக்கப்பட்ட பொருள். அது உடம்பில் ஈஸ்திரோஜன் ஹோர்மோனைப் போல வேலை செய்யக்கூடியது என்பது 1930களிலேயே ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. பிற்காலத்தில் அதைக் கொண்டுதான் கண்ணாடி போல் தெளிந்த பொலிகாபனேற் பிளாஸ்டிக்கையும், தகரப் பேணிகளின் உட்பூச்சையும் செய்தார்கள். அடுத்தது தாலேட் வகைகள். பி.வி.சி. பிளாஸ்டிக்கை மெதுமையாக்கச் சேர்ப்பவை. இவற்றில் சில, விலங்குகளில் ஆண் ஹோர்மோன் சுரப்பதைக் குறைத்திருக்கின்றன. வளரும் கருவுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்தான் கவலை கூட என்று சொல்வது இதனால்தான். ஹோர்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே வேலை பார்ப்பவை.

எவ்வளவு போனால் கெடுதல் என்பதில் நாடுகளுக்கிடையே கருத்து ஒன்றாக இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த பிபிஏ எல்லையை 2023 ஏப்ரலில் 0.2 நனோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு குறைப்பு. 2025 ஜனவரியில் உணவு படும் பொருட்களில் பிபிஏவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்தது, தொழிற்சாலைகள் மாறுவதற்குத் தவணையோடு. ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்காமல் 200 நனோகிராம் என்றது. அமெரிக்காவோ 2012இல் பால் போத்தல்களுக்கும் 2013இல் குழந்தைப் பால்மாப் பொதிகளின் பூச்சுக்கும் இருந்த அனுமதியை நீக்கியதோடு நின்றது. இந்த வாதம் முடியும்வரை நாங்கள் கொதிக்கிற சொதியைப் பையில் வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். சில்வர்ப் பாத்திரத்தில் வாங்கினால் யாருக்கும் நட்டமில்லை.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. பிபிஏ உடம்பில் நெடுநாள் தங்குவதில்லை, சிறுநீரோடு வெளியேறிவிடும். அமெரிக்காவில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, பொதி செய்யாத புதுச் சாப்பாட்டை 3 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களின் சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 வீதம் குறைந்திருந்தது. மூன்றே நாளில்.

முதல் படி: டப்பாவைப் புரட்டி அடியைப் பாருங்கள்

முக்கோண அம்புக்குள் 1 முதல் 7 வரை ஓர் இலக்கம் இருக்கும். அது பிளாஸ்டிக்கின் இனத்தைச் சொல்லுகிறது. பாதுகாப்பானது என்று சொல்லும் சான்றிதழ் அல்ல. இதைப் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர், சோடாப் போத்தல்கள் 1. ஒரு தரப் பாவனைக்குச் செய்தவை. பால் கான், வெள்ளைக் கான், நீலப் பரல் 2. பி.வி.சி. 3, சாப்பாட்டுக்கு வேண்டவே வேண்டாம். சொப்பிங் பேக் 2 அல்லது 4. ஐஸ்கிரீம் டப்பாவும் மூடி போட்ட சாப்பாட்டுப் பெட்டிகளும் பெரும்பாலும் 5, இருப்பவற்றுள் சூட்டை ஓரளவு தாங்குவது இது. ரெஜிபோம் பெட்டி 6. அதன் மூலப்பொருளான ஸ்டைரீனை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் "பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் சேர்த்தது. 7 என்றால் "மற்றவை", பொலிகாபனேற் அதற்குள்தான் வரும்.

இலக்கத்தோடு இன்னோர் அடையாளத்தையும் தேடுங்கள். கால் வைத்த ஒரு கிளாஸும் பக்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டியும் வரைந்திருக்கும். உணவு படுவதற்கென்று செய்த பொருள் என்று அதற்கு அர்த்தம். இலக்கமும் இல்லை, இந்தப் படமும் இல்லை என்றால் அந்த டப்பாவை ஊசி நூல் போடவும் ஆணி போடவும் வைத்துக்கொள்ளுங்கள்.

"பிபிஏ இல்லை" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தவுடன் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். பல இடங்களில் பிபிஏக்குப் பதிலாக பிஸ்பீனோல் எஸ், பிஸ்பீனோல் எஃப் என்று அதன் கூடப்பிறந்தவையே வந்திருக்கின்றன. அவையும் ஹோர்மோனோடு விளையாடுபவைதான்.

இரண்டாம் படி: சூடானதைப் பிரியுங்கள்

ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

ஒரு சில்வர் கெரியர் வாங்குங்கள், மூன்று தட்டு போதும். அம்மா வீட்டுப் பரணில் பழசு ஒன்று கிடந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்தான் புதியவர்களுக்குப் பெரிய தடை. எனக்கும் இருந்தது. முதல் நாள் கெரியரைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு போய் நின்றேன். "அண்ணை, சோத்தை இதுக்குள்ள போடுங்கோ, சொதியைக் கடைசித் தட்டில ஊத்துங்கோ" என்றேன். அவர் கெரியரை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொண்டுவாங்கோ தங்கச்சி, எங்களுக்கும் பை மிச்சம்தானே" என்று இன்னும் ஒரு கரண்டி பருப்பு கூடுதலாகப் போட்டார். கொத்துக் கடையிலும் அப்படியே: "நானா, இதுக்குள்ள போட்டுத் தாங்க" என்றால் சரி. கொத்து இரும்புத் தட்டிலிருந்து நேரே வருவது, எண்ணெயும் உள்ளது. லஞ்ச் சீட்டில் சுற்றக்கூடாத சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால் முதலில் கொத்தைத்தான் சொல்வேன்.

கெரியர் இல்லாத நாளில் வாழையிலை கேளுங்கள். பொலித்தீன் லஞ்ச் சீட்டையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் இந்த நாடு 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்தது. இப்போது மக்கிப்போகும் என்று எழுதிய சீட்டுகள் வருகின்றன. மக்குவது மண்ணுக்கு நல்லது, சூட்டில் என்ன கசியும் என்பது வேறு விஷயம். இலையைக் கீழே விரித்துக் கேட்டால் பெரும்பாலான கடைகளில் மறுப்பதில்லை. ஆனால் அச்சடித்த பேப்பரில் சூடான வடை சுற்றித் தருவதை "பிளாஸ்டிக் இல்லைத்தானே" என்று வாங்காதீர்கள். மை எண்ணெயில் இறங்கும். பிள்ளைகளின் பழைய சோதனைத் தாளில் வடையின் எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்துகள் கலங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தேத்தண்ணிக்கும் இதே கதைதான். கந்தோருக்குப் பத்துப் பேருக்குப் பிளேன்டீ வேண்டும் என்றால் பொலித்தீன் பையில் கட்டி வாங்கி வருகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு பிளாஸ்க் கொண்டுபோனால் முடிகிற வேலை. கடதாசிக் கோப்பையும் தப்பில்லாதது அல்ல. நீர் ஊறாமல் இருக்க அதன் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 85 முதல் 90 பாகை சூடான 100 மில்லி தண்ணீரை அந்தக் கோப்பைகளில் 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது சுமார் 25,000 நுண்துகள்கள் தண்ணீரில் இருந்தன. மேசை லாச்சியில் ஒரு கண்ணாடிக் கிளாஸை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வந்தால், இடியப்பத் தட்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பச்சையும் சிவப்புமான அந்தப் பிளாஸ்டிக் தட்டுகள் நூறு பாகை ஆவியில் பத்து நிமிடம் நிற்கின்றன, மா அதன் மேலேயே வேகிறது. 2023 ஒக்டோபர் 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் ஒன்று. தடைக்கு முன் வாங்கியது இன்னும் பல வீடுகளில் அடுப்பில்தான் இருக்கிறது. பிரம்புத் தட்டுக்கு மாறுங்கள். புட்டுக்குப் பனையோலை நீத்துப்பெட்டி. ஈரம் காய வெயிலில் போட்டு எடுத்தால் பூஞ்சணம் பிடிக்காது, நாட்பட உழைக்கும். நீத்துப்பெட்டிப் புட்டின் வாசம் தனி, அதற்காகவே மாறலாம்.

ஐஸ்கிரீம் டப்பாவில் சூடான சம்பலோ கறியோ போடாதீர்கள். ஆறவைத்துப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது வேறு, அதில் பெரிய பயமில்லை. மைக்ரோவேவ் உள்ள வீட்டில் "மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்று டப்பாவில் எழுதியிருந்தால், அதிலிருந்து ஒன்றுமே கசியாது என்று அதற்குப் பொருள் அல்ல. கறியைப் பீங்கான் கோப்பைக்கு மாற்றிச் சூடாக்குங்கள். எண்ணெய்க் கறி தண்ணீரைவிடக் கூடச் சூடாகும். குழம்பு தொட்ட விளிம்பில் டப்பா சொரசொரப்பாகப் பொரிந்து போயிருப்பதைக் கவனித்திருந்தால், அங்கிருந்து போன பிளாஸ்டிக் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெலமைன் கோப்பைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கப் பீங்கான் மாதிரி, விழுந்தால் உடையாது, எங்கள் வீடுகளில் நிறைய உண்டு. தாய்வானில் 12 பேருக்குச் சூடான நூடில்ஸ் சூப்பை மெலமைன் கிண்ணத்திலும் பீங்கான் கிண்ணத்திலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மெலமைனில் குடித்த முறை சிறுநீரில் மெலமைன் பல மடங்கு கூடியிருந்தது. பிஸ்கட், வாழைப்பழம் வைக்க அது போதும். சுடச் சுடக் கஞ்சிக்கும் ரசத்துக்கும் வேண்டாம்.

மூன்றாம் படி: தண்ணீரும் வெயிலும்

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த ஊர் வெயில் எப்படி என்று புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கிழமையிலேயே தெரிந்துவிடும். கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளின் சூடு 40 பாகையை ஒட்டியது. டச்சுக் குடாக் கரையில் கண்ணாடி பூட்டி நிறுத்திய வானுக்குள் அதைவிட ஏறும். அந்த வானில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தலைத்தான் திரும்பி வந்து குடிக்கிறோம்.

இதில் உண்மை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 1ஆம் இலக்கப் போத்தல் செய்யும்போது அந்திமனி என்ற உலோகச் சேர்வை பாவிக்கப்படுகிறது. அது சிறிது சிறிதாகத் தண்ணீருக்குள் வரும். 2008இல் அரிசோனாவில் செய்த ஆய்வில், போத்தல் தண்ணீரை 60 பாகையில் வைத்தபோது அமெரிக்க எல்லையான லீற்றருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட 176 நாள் எடுத்தது. 80 பாகையில் இரண்டரை நாளுக்கும் குறைவு. ஆகவே ஒரு பின்னேரம் வானில் கிடந்த போத்தலால் யாரும் நோயாளியாகப் போவதில்லை. கடை வாசலில் வாரக்கணக்காக வெயிலில் அடுக்கி வைத்த போத்தல்தான் யோசிக்க வேண்டியது. கடைக்குள் நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையையும் திகதியையும் பாருங்கள். குடித்து முடித்த போத்தலில் திரும்பத் திரும்பத் தண்ணீர் நிரப்பாதீர்கள். மூடியைத் திருகித் திருகித் திறக்கும்போதே துகள் உதிரும். கொலம்பியா, ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் எண்ணியபோது ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரில் சராசரியாக 2,40,000 துகள்கள் இருந்தன. அதில் 90 வீதம் கண்ணுக்கும் சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் பிடிபடாத அளவு.

கந்தோர்களிலும் விடுதிகளிலும் கவிழ்த்து வைத்திருக்கும் 19 லீற்றர் பெரிய போத்தலின் அடியைப் பாருங்கள். 7 என்றிருந்தால் பெரும்பாலும் பொலிகாபனேற். ஹாவர்ட் மாணவர் 77 பேர் ஒரு கிழமை பொலிகாபனேற் போத்தலில் குளிர்ந்த பானம் குடித்ததற்கே அவர்களின் சிறுநீரில் பிபிஏ 69 வீதம் கூடியது. அதுவே கீறல் விழுந்து, வெயிலில் லொறியில் வந்து, பல கை மாறிய போத்தல் என்றால்? 1 இலக்கம் போட்ட பெரிய போத்தலும் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம்.

அதைவிட நல்லது பைப் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி மண்பானையில் ஊற்றி வைப்பது. கச்சான் காலத்தில் பானைத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும் குளிர்ச்சிக்கு வேறு ஈடில்லை. வெளியே போகும்போது சில்வர்ப் போத்தல். ஒன்று மட்டும்: மத்தியானம் பைப்பைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் வரும், மேல்தளத்துக் கறுப்புத் தாங்கியிலும் குழாயிலும் வெந்த தண்ணீர் அது. "ஏற்கெனவே சுடுகுதுதானே" என்று கேத்தலில் பிடிக்காதீர்கள். சமையலுக்கும் குடிக்கவும் காலையிலேயே பிடித்து வையுங்கள்.

மாரி வெள்ளத்தில் கிணறு கலங்கியிருந்தால் மட்டும் இதையெல்லாம் மறந்துவிட்டுப் போத்தல் தண்ணீரைக் குடியுங்கள். வயிற்றோட்டம் நாளைக்கே ஆளைக் கிடத்தும்.

நான்காம் படி: எண்ணெய், புளி, ரின்மீன்

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் அளந்து வாங்கும்போது பழைய சோடாப் போத்தலைக் கொண்டுபோகிறோம். எண்ணெய் அதற்குள் மாதக்கணக்கில் நிற்கிறது. கண்ணாடிப் போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். எலுமிச்சை ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. ஜாடி இல்லாவிட்டால் ஜாம் போத்தல், மூடியில் ஊறுகாய் படாமல் முக்கால் அளவு. புளிக் குழம்பை அலுமினியச் சட்டியில் இரவு முழுக்க விடுவதும் நல்லதல்ல, மண்சட்டியே சரி.

தயிர் வாங்கும்போது கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டியையே எடுங்கள். பிளாஸ்டிக் கப்பைவிடச் சட்டியில் தண்ணீர் சுவறித் தயிர் இறுகி நிற்கும்.

ரின்மீனின் உள்ளே இருப்பது மெல்லிய பூச்சு, பல காலமாக பிபிஏ கொண்டு செய்தது. 75 பேர் 5 நாள் பேணி சூப் குடித்ததில் சிறுநீரில் பிபிஏ பத்து மடங்குக்கு மேல் ஏறியதாக ஹாவர்ட் ஆய்வு ஒன்று 2011இல் சொன்னது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ரின்மீனை நம்பி இருக்க வேண்டுமா? காலையில் மீன் சந்தையில் கீரியும் சாளையும் பிடித்த சூட்டோடு கிடைக்கும். அவசரத்துக்கு ஒரு பேணி வீட்டில் இருக்கட்டும், வாரத்துக்கு நாலாக வேண்டாம்.

அரிசி, பருப்பு, சீனி போன்ற காய்ந்த சாமான்களை 2, 5 இலக்க டப்பாக்களில் வைத்திருப்பதில் அவ்வளவு கவலையில்லை. அவற்றை மாற்றுவதற்கு இப்போது காசைக் கரைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கைக்குழந்தை உள்ள வீடு

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடிந்தால் இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது. முடியாத தாய்மார் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம், முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

பால்மாவில் கிருமி இருக்கலாம் என்பதால் 70 பாகைக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில் கரைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சூட்டைக் குறைக்க முடியாது. அதேவேளை 5ஆம் இலக்கப் பால் போத்தலில் அந்தச் சூட்டுத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கியபோது லீற்றருக்கு 1 கோடியே 62 இலட்சம்வரை நுண்துகள்கள் வந்ததை டப்ளின் ட்ரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். அவர்களே சொன்ன வழியும் எளிது. கொதிநீரையும் பால்மாவையும் கண்ணாடி அல்லது சில்வர்ப் பாத்திரத்தில் கரையுங்கள். மணிக்கட்டில் ஒரு துளி விட்டால் இளஞ்சூடு மட்டும் தெரிய வேண்டும், அந்த அளவுக்கு ஆறவிடுங்கள். அதற்குப் பிறகுதான் போத்தலுக்குள் ஊற்ற வேண்டும். போத்தலைக் கொதிநீரில் அவித்து எடுத்தபின், கொதித்தாறிய தண்ணீரால் மூன்று தரம் அலசுங்கள். பாலை அந்தப் போத்தலோடு திரும்பச் சூடாக்க வேண்டாம்.

கண்ணாடிப் பால் போத்தல் கிடைத்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும். போத்தலே இல்லாமல் சின்னச் சில்வர்க் கிண்ணத்தாலும் கரண்டியாலும் ஊட்டலாம், எப்படி என்று உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள், பக்கத்தில் இருந்து காட்டித் தருவார்.

ஆறாம் படி: பழைய பரல், பெயின்ற் வாளி, மருந்துக் கான்

புது வீட்டுக்கு வந்த வருடம் தண்ணீர் சேர்த்து வைக்க ஒரு கடையில் நீலப் பரல் ஒன்று வாங்கினேன். "கழுவின பரல், ஒண்டும் செய்யாது" என்றார்கள். நானும் இரண்டு நாள் சவர்க்காரம், எலுமிச்சங்காய், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். காலையில் வாசமே இல்லை. மத்தியான வெயில் ஏறியதும் மூடியைத் திறந்தால் மருந்து நெடி முகத்தில் அடித்தது. பரலின் சுவருக்குள் ஊறியிருந்தது சூட்டோடு வெளியே வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் நாலு நாள் சோறு சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பொறுக்காது.

பரலில் 2 என்றுதான் இருந்தது. அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதை அந்த இலக்கம் சொல்லாது. தம்பலகாமம், மூதூர் வயல்களில் மருந்தடித்த கானையும், வள்ளத்தில் எஞ்சின் ஒயில் வந்த கானையும் கழுவிக் குடிதண்ணீர் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பெயின்ற் வாளியில் மீனும் இறைச்சியும் ஊறப்போடுகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றைத்தான்: இரசாயனம் இருந்த எதையும் எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுக்கும் குடிதண்ணீருக்கும் எடுக்கவே கூடாது. பூச்சிமருந்துக் கானை ஓட்டை போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்துவிடாமல். கழிவறை வாளிக்கும் பூக்கன்றுக்கும் பெயின்ற் வாளி போதும்.

கடைசியாக: வதந்தியும் குப்பையும்

தண்ணீர்ப் போத்தலை உறையவைத்தால் டயொக்சின் வரும் என்று கைப்பேசியில் வருடாவருடம் ஒரு செய்தி சுற்றும். அது பொய். அந்தப் போத்தலில் குளோரின் இல்லை, குளிரில் இரசாயனம் வெளிவருவதும் குறையும்.

டயொக்சின் உண்மையாக வருவது வளவு மூலையில் குப்பை கொளுத்தும்போது. பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் அந்தப் புகையில் இருக்கும். மழை நாளில் விறகு ஈரம் என்று சொப்பிங் பேக்கைக் கொளுத்தி அடுப்பு மூட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் அதிகம். பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதையே அடுப்பில் போட்டால், சாப்பாட்டோடு போகாதது மூச்சோடு போகும். அடுப்படியில் நிற்பது பெரும்பாலும் கர்ப்பிணிப் பெண்ணும் அம்மம்மாவும்தான்.

ஒதுக்கிய டப்பாக்களில் கீறல் விழாதவற்றைக் காய்ந்த சாமானுக்கு வையுங்கள். மற்றதைப் பிரித்துக் கழுவிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் பார்சலோடு எறிந்துவிட்டு வராதீர்கள். அங்கே மான்கள் சோத்து வாசத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன.

அடுப்பு மூட்டத் தென்னையிலிருந்து விழும் பன்னாடையைச் சேர்த்து வைத்தால் மாரி முழுக்கக் காணும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிச் செருகி வையுங்கள், புகையிலேயே காய்ந்துவிடும். ஒரு பிடி பன்னாடை, அதன்மேல் காய்ந்த பாளைக் கீற்று இரண்டு. ஒரு தீக்குச்சிக்கே பிடித்துக்கொள்ளும்.